மறு: மறு: சிசேரியனுக்குப் பின் இயல்புப் பேறு – சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். தாய்மாருக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. முதல் குழந்தை சிசேரியன், அடுத்ததை இயல்பாகப் பெற முயல்வது: இதற்கு ஒரு சொல். பழைய தழும்பில் கருப்பை கிழிவதற்கு இன்னொன்று. இப்போதைக்கு 'சுகப்பிரசவ முயற்சி' என்று போட்டிருக்கிறேன்.

மகப்பேறு மருத்துவர்:
'சுகம்' வேண்டாம். நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குத்தான் கைகூடும். மற்றவர்களுக்கு வலியெடுத்த பிறகு மறுபடி அறுவை. நாள் குறித்துச் செய்வதைவிட அதில்தான் தொற்றும் இரத்தப்போக்கும் அதிகம்.

தமிழாசிரியர் (ஓய்வு):
'ஈற்று முயற்சி' என்க. பேறு பொதுச்சொல், பதினாறு பேறும் பேறுதான். ஈற்று ஈனுதலின் அடியாகப் பிறந்தது. தலையீற்று இன்றும் வழக்கில் உண்டு.

செவிலியர்:
அய்யா, தலையீற்று எங்கள் ஊரில் மாட்டுக்குத்தான். அப்புறம், ஈற்றெழுத்து என்றால் கடைசி எழுத்து. 'ஈற்று முயற்சி' என்று படிப்பவர் இதுதான் கடைசி வாய்ப்பு என்று பயந்துவிடுவார்.

தமிழாசிரியர்:
அது ஈறு, 'இறு' நீண்டது. இது வேறு வேர். விரிவாகத் தனி மடலில்.

மருத்துவர்:
கிழிவதை 'வெடிப்பு' என்று எழுதாதீர்கள். கருப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரே குறுக்குவெட்டு இருந்தால் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் நேர்கிறது; மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் அந்த ஆபத்து கூடும். அதற்காக 'தையல் விடுதல்' என்று மழுப்பவும் கூடாது. தழும்பு விலகி வெளியுறை அப்படியே நிற்பது ஒன்று. முழுச் சுவரும் கிழிந்து குழந்தையின் இதயத்துடிப்பு சரிவது வேறு. அங்கே நிமிடக் கணக்குதான். மேற்பகுதியில் நெடுக்குவெட்டு என்றால் நாங்கள் முயலவே விடுவதில்லை.

செவிலியர்:
வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து உள்வெட்டைச் சொல்ல முடியாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வரி சேருங்கள். சொல்லைவிட அது முக்கியம்.

மொழிபெயர்ப்பாளர்:
சேர்த்துவிட்டேன். 'தழும்பு விலகல்', 'கருப்பைக் கிழிவு' சரியா?

தமிழாசிரியர்:
கிழிவது துணி. 'கருப்பைப் பிளவு'.

மருத்துவர்:
பிளவு உதடு, பிளவு அண்ணம் என்று பிறவிக்குறைக்கு அது போய்விட்டது அய்யா.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. 'சிசேரியனுக்குப் பின் இயல்புப் பேற்று முயற்சி', 'கருப்பைக் கிழிவு'. நீளம்தான், ஆனால் மூவர் ஒப்பிவிட்டோம். அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
சிசேரியன் 'அறுவைப்பேறு' ஆகாதவரை என் ஒப்புதல் இல்லை. ஈற்று பற்றிய மடல் பாதி எழுதியாயிற்று, நாளை வரும்.