ஏழு பேரில் ஒருவர் மட்டும் தப்புவது எப்படி? லங்காஸ்டர் வால் கன்னர்கள் பற்றி ஒரு கேள்வி

மழைக்காகம் எழுதியது:

வணக்கம். கொஞ்ச நாளாக 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கப் போன பிரிட்டிஷ் வான்படையின் 617-வது ஸ்குவாட்ரன் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் துள்ளிப் போகும் குண்டு, உடைந்துபோன மோனே அணை, இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் 133 பேர் கிளம்பினார்கள். 8 விமானங்கள் திரும்பவில்லை. அவற்றில் இருந்த 56 பேரில் 53 பேர் இறந்துவிட்டார்கள், மூன்றே மூன்று பேர் பிழைத்து ஜெர்மானியர்களிடம் கைதானார்கள். அந்த மூவரில் இருவர் ஒரே விமானத்தில் இருந்தவர்கள். மூன்றாமவர் ஃபிரெட் டீஸ், வார்னர் ஓட்லி ஓட்டிய விமானத்தின் வால் கன்னர், அதாவது வாலில் உட்கார்ந்து துப்பாக்கி இயக்குபவர். அவருடைய குழுவில் மற்ற ஆறு பேரும் போய்விட்டார்கள், இவர் ஒருவர்தான் மிச்சம்.

தாழ்வாகப் பறந்து அடிபட்டு விழுந்த விமானம், உள்ளே நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள குண்டு. அதில் ஒருத்தர் எப்படிப் பிழைக்க முடியும்? வேறு விமானங்களின் கதைகளிலும் தனியாகத் தப்பியவர் வால் கன்னராக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த இடம்தான் பாதுகாப்பானதா? ஆனால் வால் கன்னர்தான் முதலில் சாவார் என்றும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். ரெண்டில் எது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரேடார் எழுதியது:

ரெண்டும் சரிதான், எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் லங்காஸ்டருக்குள் யார் எங்கே இருந்தார்கள் என்று பார்த்துவிடுவோம். மூக்கில் பாம் எய்மர், குண்டைக் குறிபார்த்துப் போடுபவர். அதற்கு மேலே பைலட்டும் பக்கத்தில் ஃப்ளைட் இன்ஜினியரும். அவர்களுக்குப் பின்னால் திரை போட்ட மேசையில் வழி கணிக்கும் நேவிகேட்டர், அடுத்து வயர்லெஸ் ஆபரேட்டர். இந்த ஐந்து பேரும் கிட்டத்தட்ட ஒருவரை ஒருவர் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தார்கள். அப்புறம் இறக்கையைத் தாங்கும் பெரிய குறுக்கு உத்தரம் ஒன்று விமானத்தின் உள்ளேயே இடுப்பு உயரத்தில் ஓடும், கனமான உடுப்போடு இருட்டில் அதை ஏறித் தாண்டித்தான் பின்னால் போக முடியும். அதற்கும் பின்னால் நடுமுதுகில் ஒரு கன்னர், கடைசியில் வாலில் இன்னொரு கன்னர். வால் கன்னர் ஏறி உட்கார்ந்து, துப்பாக்கிகள் பொருத்திய சுழலும் கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டால் எட்டு மணி நேரமானாலும் தனியாள்தான். இண்டர்காமில் வரும் குரல்தான் துணை.

இதில் கொடுமை என்னவென்றால் அந்தக் கூண்டில் பாராசூட் வைக்கக்கூட இடம் கிடையாது. பை வெளியே, விமானத்தின் உடலுக்குள் ஒரு தட்டில் மாட்டியிருக்கும். குதிக்க வேண்டுமென்றால் கூண்டை நேராக நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கையை நீட்டிப் பையை எடுத்து மார்பில் மாட்டி, மறுபடி கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்பக்கமாக வெளியே விழ வேண்டும். கூண்டு திரும்புவது எஞ்சின் தரும் ஹைட்ராலிக் அழுத்தத்தில். எஞ்சின் போனால் கையால் சுற்ற வேண்டியதுதான். பக்கத்தில் எண்ணெய்க்குழாய் தீப்பிடித்திருந்தால்? விமானம் சுழன்றுகொண்டே விழுந்தால் கையைத் தூக்கவே முடியாது. அதோடு ஜெர்மன் இரவு விமானங்கள் பின்னாலிருந்து வரும்போது முதலில் குறிவைத்ததும் இந்தக் கூண்டைத்தான். செத்துப்போனவர்கள் அவ்வளவு பேர் என்பதற்கு இதெல்லாம் காரணம்.

இப்போது டீஸ் விஷயம். ஓட்லியின் விமானம் நடு ராத்திரிக்குப் பிறகு கிளம்பிய ஐந்து ரிசர்வ் விமானங்களில் ஒன்று. ரேடாருக்குச் சிக்காமல் இருக்க அந்த இரவு எல்லோருமே மரங்களுக்குக் கொஞ்சம் மேலே, நூறு அடி உயரத்தில் பறந்தார்கள். ஹாம் நகரம் பெரிய ரயில்வே யார்டு உள்ள இடம், விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நிறைய. அதற்குப் பக்கத்தில் ராத்திரி சுமார் 2.35 மணிக்கு அடிபட்டார்கள். நூறு அடியில் பாராசூட் என்ற பேச்சுக்கே இடமில்லை, அதனால் நான் மேலே எழுதியதெல்லாம் அவருக்குப் பொருந்தாது. பைலட் இண்டர்காமில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டது அவர் காதில் விழுந்தது. விமானம் தரையில் மோதியதில் வால் கூண்டு பிய்த்துக்கொண்டு தள்ளிப் போய் விழுந்தது, குண்டு வெடித்தது. டீஸுக்கு நினைவு வந்தபோது அவர் தரையில் கிடந்தார், உடம்பில் மோசமான தீக்காயம். அவர் செய்து தப்பியது என்று எதுவும் இல்லை. வால் உடைந்தது, அவர் வாலில் இருந்தார், அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்தத் தாக்குதலுக்காக லங்காஸ்டரின் நடுமுதுகுக் கூண்டைக் கழற்றிவிட்டார்கள், அங்கே உட்காரும் கன்னரை மூக்கில் உள்ள கூண்டுக்கு மாற்றினார்கள். அந்தக் கணக்குப்படி டீஸ் மூக்கில் இருந்திருக்க வேண்டியவர். வாலில் இருக்க வேண்டியவர் ஹாரி ஸ்ட்ரேஞ்ச். அன்றைக்கு இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

கடல்நுரை எழுதியது:

கடைசிப் பாராவைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

தனியாகத் தப்பிய வால் கன்னர் என்றால் நிக்கோலஸ் அல்கமேடை விட்டுவிட்டீர்களே! 1944 மார்ச் 24 இரவு பெர்லின் போய்த் திரும்பும்போது விமானம் தீப்பிடித்தது, அவர் பாராசூட் தட்டிலேயே எரிந்துபோனது, எரிந்து சாவதற்குக் குதித்தே சாகலாம் என்று 18,000 அடியிலிருந்து பாராசூட்டே இல்லாமல் குதித்தார். பைன் மரங்கள் மேல் விழுந்து, அதற்குக் கீழே பனிக்குவியலில் விழுந்து, கால் சுளுக்கோடு பிழைத்த ஆள். பிடித்த ஜெர்மானியர்கள் நம்பவில்லை, பாராசூட்டை எங்கே புதைத்தாய் சொல், நீ உளவாளிதானே என்று கேட்டார்கள். அப்புறம் விழுந்த விமானத்தில் எரிந்த பாராசூட்டின் மிச்சத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

கோணல் எழுத்து எழுதியது:

கடல்நுரை, நீங்கள் சொன்னது நடந்ததுதான், ஆனால் அல்கமேட் தனியாகத் தப்பியவர் இல்லை. அந்த விமானத்தில் பைலட் ஜாக் நியூமனும் இன்னும் மூன்று பேரும் இறந்தார்கள், மற்ற இருவரும் பிழைத்தார்கள். நடந்ததே போதுமான அளவு அதிசயம், நாம் வேறு சேர்க்க வேண்டாம். அந்த ஒரே இரவில் 72 விமானங்கள் திரும்பவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நினைவில் நிற்பது என்னவோ அல்கமேட் மட்டும்தான்.

கேள்வி கேட்டவருக்கு: கதைகளில் வால் கன்னர் அடிக்கடி வருவது உண்மை, ஆனால் கதைகளை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. பின்னாளில் இயற்பியலாளராகப் பெயர் வாங்கிய ஃப்ரீமன் டைசன் 1943 முதல் போர் முடியும்வரை பிரிட்டிஷ் வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டின் தலைமையகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இளைஞராக வேலை பார்த்தவர். சுடப்பட்டு விழும் விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு வெளியே வருகிறார்கள் என்று அங்கே கணக்கெடுத்தார்கள். பகலில் பறந்த அமெரிக்க விமானங்களில் சுமார் 50 சதவீதம். பிரிட்டனின் இன்னொரு குண்டுவீச்சு விமானமான ஹாலிஃபாக்ஸில் 25 சதவீதம். லங்காஸ்டரில் 15 சதவீதம்தான். ஏழு பேருக்கு 15 சதவீதம் என்றால் விமானத்துக்குச் சராசரி ஒருவர்! உங்கள் தலைப்புக்கான பதில் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பலவற்றில் ஒருவரும் இல்லை, சிலவற்றில் மூன்று நான்கு பேர், இடையில் இப்படித் தனியாக ஒருவர்.

லங்காஸ்டரில் ஏன் அவ்வளவு குறைவு? முன்னால் இருப்பவர்கள் வெளியேற விமானத்தின் அடித்தளத்தில் ஒரு திறப்பு, அதன் அகலம் 22 அங்குலம். ஹாலிஃபாக்ஸில் 24. ரெண்டு அங்குலம்தானே என்று தோன்றும். தடித்த உடுப்பு, பூட்ஸ், உயிர்காக்கும் ஜாக்கெட், அதற்கு மேல் மார்பில் தலையணை மாதிரி பாராசூட் பை, இத்தனையோடு இருட்டில், சாய்ந்து விழும் விமானத்தில் அதற்குள் நுழைந்து பார்த்தால்தான் தெரியும். திறப்பைப் பெரிதாக்கச் சொல்லி டைசனின் சக ஊழியர் ஒருவர் படாத பாடுபட்டார், அது காரியத்துக்கு வருவதற்குள் போரே முடிந்துவிட்டது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வரும். அதிசயமாகத் தப்பியவர் என்று ஒருவரைக் கொண்டாடும்போது மற்ற ஆறு பேரைத் தடுத்தது விதி மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. ஒரு இரும்பு விளிம்பும் தடுத்திருக்கிறது.

பைலட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்றவர்கள் குதிக்கும்வரை விமானத்தை நேராகப் பிடித்திருக்க வேண்டியவர் அவர்தான், கையை எடுத்தால் சுழல ஆரம்பித்துவிடும். அதனால் பல குழுக்களில் அவர் வெளியே வரவே இல்லை.

மழைக்காகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இதைப் படித்த பிறகு வேறு ஒன்று தோன்றுகிறது. வால் கன்னர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவர். குழுவின் கடைசி நிமிடத்துக்கு ஒரே சாட்சி, அவர் முகம் மற்ற ஆறு பேருக்கும் எதிர்த்திசையில். ஆக டீஸுக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்தது மட்டும். ஊருக்குத் திரும்பினால் ஆறு குடும்பங்களும் இவரைத்தானே கேட்டிருப்பார்கள்? என்ன சொல்லியிருப்பார்?

மற்ற இருவர் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

பழைய ரேடார் எழுதியது:

மற்ற இருவரும் ஹாப்குட் என்ற பைலட்டின் விமானம். மோனே அணைக்கு வரும் வழியிலேயே அடிபட்டிருந்தார்கள், அணையைத் தாக்கும்போது தீப்பிடித்தது. ஹாப்குட் ஆட்கள் குதிக்கட்டும் என்று விமானத்தை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினார், அப்படியும் சில நூறு அடிதான். வால் கன்னர் டோனி பர்ச்சர் கூண்டிலிருந்து விமானத்துக்குள் வந்தபோது வயர்லெஸ் ஆபரேட்டர் மின்சின் கால் சிதைந்த நிலையில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். நான் சொன்னேனே, அந்த உத்தரத்தைத் தாண்டி. பர்ச்சர் அவருக்குப் பாராசூட்டை மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டே வெளியே தள்ளினார், பாராசூட் விரியட்டும் என்று. மின்சின் பிழைக்கவில்லை. பிறகு தன் பாராசூட்டை விமானத்துக்குள்ளேயே பிரித்து, துணியைக் கைகளில் அள்ளிக்கொண்டு வெளியேறினார், முதுகு வால் இறக்கையில் அடித்தது. முன்னால் பாம் எய்மர் ஜான் ஃப்ரேசரும் அதே மாதிரி உள்ளேயே பிரித்துக்கொண்டுதான் குதித்தார். சட்டப்படி செய்யக்கூடாத வேலை, செய்ததால் இருவரும் பிழைத்தார்கள்.

நூல்கண்டு எழுதியது:

குடும்பங்கள் பற்றிக் கேட்டீர்கள். முதலில் தந்தி வரும், காணவில்லை என்று மட்டும். கைதாகியிருந்தால் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தகவல் வரச் சில வாரம் ஆகும். ஆறு மாதம் வரை ஒன்றும் வராவிட்டால் இறந்ததாகக் கொள்வார்கள். இதற்கு நடுவே ஒரே குழுவின் குடும்பங்கள் தங்களுக்குள் முகவரி வாங்கிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் நல்ல செய்தி வந்துவிட்டால் மற்ற ஆறு வீட்டுக் கடிதங்களும் அந்த வீட்டுக்குத்தான் போகும். என் பையனைப் பார்த்தானா, என்ன சொன்னான், வலித்ததா. முகாமில் இருப்பவனுக்குக் கிடைப்பதோ மாதத்துக்குச் சில கடிதத்தாள்கள். வால் கன்னர் என்ன பதில் எழுத முடியும்? வலியில்லாமல் உடனே போய்விட்டார் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம், நானாக இருந்தால் அதைத்தான் எழுதுவேன்.

போருக்குப் பிறகு பிரிட்டிஷ் வான்படை காணாமல் போனவர்களைத் தேடவே ஒரு பிரிவு வைத்திருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாதிரியாரையும் நகராட்சி ஆட்களையும் விசாரித்து, குழிகளைத் தோண்டி, சட்டையில் சலவைக்கு இட்ட குறி, பூட்ஸ், பட்டைச் சின்னம் இவற்றை வைத்து அடையாளம் கண்டார்கள். யார் எந்த இடத்தில் இருந்தார் என்று தப்பியவர் சொன்னது அங்கே பயன்பட்டது. பிரிக்க முடியாதவர்களைச் சேர்த்தே புதைத்து, கற்களை இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டி நட்டிருப்பார்கள். கல்லறையே கிடைக்காதவர்கள் 20,000க்கு மேல், அவர்கள் பெயர்கள் ரன்னிமீட் நினைவிடத்தில் இருக்கின்றன. பாம்பர் கமாண்டில் மொத்தம் பறந்தவர்கள் சுமார் 1,25,000, இறந்தவர்கள் 55,573.

டீஸ் பற்றி இன்னொன்று தெரியும், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவர் கைதியாக இருந்தபோது, 1944 மே மாதம், இங்கிலாந்தில் சிச்செஸ்டர் என்ற ஊரில் அவர் அம்மா இறந்தார். அடிபட்டுத் திரும்பிய அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றிலிருந்து அதன் ஆட்கள் குதித்துவிட்டார்கள், ஆளில்லாத விமானம் போய் அந்த அம்மா வேலை பார்த்த சலவைக்கூடத்தின் மேல் விழுந்தது.

கடல்நுரை எழுதியது:

கோணல் எழுத்து, திருத்தத்துக்கு நன்றி. நான் எங்கேயோ தப்பாகப் படித்திருக்கிறேன், இனி தனியாகத் தப்பியவர் என்று சொல்ல மாட்டேன்.

நூல்கண்டு, அந்தச் சலவைக்கூடம் விஷயத்தை நான் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

மழைக்காகம் எழுதியது:

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. சரி, ஓட்லி குழுவில் இறந்த மற்றவர்களின் பெயரை யாராவது முழுசாகப் போட முடியுமா? எல்லாரும் டீஸ் பெயரையும் ஓட்லி பெயரையும் சொல்லிவிட்டு மற்ற ஐந்து பேரை விட்டுவிடுகிறார்கள், நானும் மேலே அதையேதான் செய்திருக்கிறேன்.

பழைய ரேடார் எழுதியது:

பைலட் வார்னர் ஓட்லி, ஃப்ளைட் இன்ஜினியர் ரொனால்டு மார்ஸ்டன், நேவிகேட்டர் ஜாக் பாரெட், வயர்லெஸ் ஆபரேட்டர் ஜாக் கட்டர்மன், பாம் எய்மர் தாமஸ் ஜான்ஸ்டன், மூக்குக் கூண்டில் ஹாரி ஸ்ட்ரேஞ்ச். ஆறு பேரும் ஜெர்மனியில் ரைக்ஸ்வால்டு காட்டுப் போர்க் கல்லறையில் இருக்கிறார்கள். அங்கே 7,500க்கு மேல் கல்லறைகள், போனால் தேடிக் கண்டுபிடிக்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.