வெள்ளத்துக்குப் பிறகு ரேட்டிங் கர்வ் ஒத்துவரவில்லை: சென்சார் பிழையா, ஆறு மாறிவிட்டதா?

கேட்பவர்: சிற்றாறு
இடம் ஒரு சிற்றாறு. துளையிட்ட குழாய்க்குள் பிரஷர் சென்சார் (அழுத்தத்தை அளந்து நீர்மட்டம் சொல்வது), காற்றுக்குழாய் இல்லாத வகை. பக்கத்திலேயே ஸ்டாஃப் கேஜ் (மட்டத்தைக் கண்ணால் படிக்கும் அளவுகோல்). 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. ரேட்டிங் கர்வ் என்பது மட்டத்திலிருந்து ஓட்டத்தைச் சொல்லும் வளைவு. அதன் சமன்பாடு: ஓட்டம் = 14.2 × (மட்டம் − 0.20)^1.8. மட்டம் மீட்டரில், ஓட்டம் விநாடிக்குக் கன மீட்டரில்.
வெள்ளம் வடிந்தபின் 1.20 மீட்டரில் கரண்ட் மீட்டரால் (நீரின் வேகத்தை அளக்கும் சுழலி) அளந்தால் 11.5தான் வருகிறது, வளைவுப்படி 14.2 வரவேண்டும். போதாததற்கு, மழையே இல்லாத நாட்களில்கூட சென்சார் மட்டம் தினமும் இரண்டு முறை 3 செ.மீ. ஏறி இறங்குகிறது. எதை முதலில் சந்தேகிப்பது?

பதில்: கேஜ்காரர்
இரண்டும் வேறு வேறு நோய். தினசரி ஏற்ற இறக்கம் ஆற்றுடையதே அல்ல, காற்றழுத்தம்: காற்றுக்குழாய் இல்லாத சென்சார் தண்ணீரோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் சுமார் 1 செ.மீ. தண்ணீர்க் கணக்கு மாறும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம் தொட்டு நடுவில் 3 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கும். கரையில் நிழலில் ஒரு பாரோ லாகர் (காற்றழுத்தம் பதியும் கருவி) வைத்து, அதன் அதே நேரப் பதிவைச் சென்சார் பதிவிலிருந்து கழியுங்கள். இரண்டு கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். அதில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம்.
அடுத்து கேஜ். வெள்ளத்தில் மரக்கட்டை மோதிச் சாய்ந்திருக்கலாம். பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறி) லெவல் எடுத்துப் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். குழாயில் வண்டல் அடைத்திருந்தால் உள்மட்டம் பின்தங்கும்: ஒரு வாளி தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள், சட்டென்று இறங்காவிட்டால் துளைகளைக் கழுவ வேண்டும்.

பதில்: வண்டல்
கேஜ் சரியாக இருந்தால், மாறியது ஆறு. கேஜுக்குக் கீழே தண்ணீரைத் தேக்கிப் பிடிக்கும் கல்வரம்பில் சரளை படிந்திருக்கும். உங்கள் சமன்பாட்டிலேயே போட்டுப் பாருங்கள்: 11.5 வரவேண்டுமென்றால் அடைப்புக்குள் 1.00க்குப் பதில் 0.89 இருக்க வேண்டும். அதாவது சுமார் 11 செ.மீ. படிவு.
கணக்கோடு விடாமல் நேரில் பாருங்கள். தண்ணீர் குறைந்த நாளில் வரம்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஆழம் அளந்து, அந்நேர கேஜ் அளவிலிருந்து கழித்தால் ஓட்டம் நிற்கும் மட்டம் கிடைக்கும். சமன்பாட்டில் உள்ள பழையது 0.20. இப்போது 0.31 அருகே வந்தால் சந்தேகமே இல்லை.
குறைந்த நீரில்தான் இது பெரிய அடி: 0.50 மீட்டரில் ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விடும். 3 மீட்டரில் 7 சதவீதம்தான் குறையும். அந்த உயரத்தில் வரம்பே மூழ்கியிருந்தால் அதுவும் இராது. ஆகவே திருத்தத்தை எல்லா மட்டத்துக்கும் ஒரேயளவாக நீட்டாதீர்கள்.

பதில்: கரண்ட்மீட்டர்
11.5ஐ நம்பும் முன், எத்தனை செங்குத்துகள் (ஆற்றின் குறுக்கே ஆழமும் வேகமும் அளக்கும் இடங்கள்)? 20 முதல் 25 வேண்டும். ஆற்றுக் குறுக்குவெட்டின் எந்தத் துண்டிலும் மொத்த ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஆழம் 0.75 மீட்டருக்குள் என்றால் மேற்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஓர் அளவு, அதைவிட ஆழமானால் 0.2, 0.8 பங்கு ஆழங்களில் எடுத்த இரண்டின் சராசரி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 40 விநாடி. சுழலியில் ஒரு புல் சுற்றினாலே வேகம் குறைவாகக் காட்டும்.
இன்னொன்று: நீர் இறங்கும்போதா அளந்தீர்கள்? சரிவு குறைந்த ஆறுகளில் ஒரே மட்டத்துக்கு ஏறும்போது ஓட்டம் அதிகம், இறங்கும்போது குறைவு.

சிற்றாறு
செங்குத்து 12தான். அளந்தபோது மட்டம் நிலையாக இருந்தது. கேஜ் பூஜ்யம் சரி. ஓட்டம் நிற்கும் மட்டம் இப்போது 0.29.

வண்டல்
0.29 போட்டால் 1.20 மீட்டருக்கு 12.0 வரும். 11.5க்கும் அதற்கும் இடையே 4 சதவீதம். 12 செங்குத்து அளவீட்டில் அது சகஜம். ஒரே அளவீட்டை வைத்து வளைவை மறுபடி வரையாமல், இப்போதைக்கு மட்டத்திலிருந்து 9 செ.மீ. கழிக்கும் திருத்தம் மட்டும் போடுங்கள். அளந்த தேதியிலிருந்து அல்ல, வெள்ளம் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிய நேரத்திலிருந்து. சரளை படிந்தது அப்போதுதான்.