புதுப்பிப்பு: ரிவால்வருக்குத் தோல் உறை, இடுப்பிலா மார்பிலா?

அலாஸ்காவில் சால்மன் மீன் பிடிக்கப் போகும்போது, கரடிப் பயத்துக்கு வைத்திருக்கும் .44 மேக்னம் (சக்திவாய்ந்த பெரிய குண்டு வகை) ரிவால்வரை எந்த உறையில் வைப்பது என்று மே மாதம் கேட்டிருந்தேன். மார்பு உறையே வாங்கினேன். அலாஸ்காவின் ரஷ்யன் ஆற்றில் ஒரு சீசன் முழுக்கப் போட்டாயிற்று.

முடிவில் எனக்கு முழுத் திருப்தி. இடுப்பில் இருந்தால் முதுகுப்பையின் பட்டை மறைத்துவிடும், தொடையளவு தண்ணீரில் இறங்கினால் நனையும். மார்பில் குறுக்காக இருப்பதால் கை நேராகப் போகிறது.

புதுத் தோல் முதலில் கவ்விப் பிடித்தது. குண்டுகளை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி இரவு முழுக்கச் சொருகி வைத்தேன். மறுநாள் தாராளமாக வந்தது.

ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். மழையில் நனைந்த உறைக்குள்ளேயே துப்பாக்கியை விட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் குண்டுகள் இருக்கும் சிலிண்டரின் விளிம்பில் கடுகளவு செம்புள்ளிகள்! தோல் ஈரத்தை விடவே விடாது. குரோமிய உப்பால் பதனிட்ட தோலென்றால் அதன் உப்பும் இரும்பை அரிக்கும். மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றால் பதனிட்ட தோலையே கேட்டு வாங்குங்கள். எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்த்ததில் துரு போய்விட்டது, மனசுதான் ஆறவில்லை. இப்போது கூடாரத்துக்கு வந்ததும் துடைத்துத் தனியே வைக்கிறேன். உறை நிழலில் காய்கிறது. ஹீட்டர் பக்கம் வைத்தால் தோல் விறைத்து விரிசல் விடும்.

துப்பாக்கி நழுவாமல் உறையின் மேல் மாட்டும் பொத்தான் பட்டை தேவையா என்று கேட்டவருக்கு: கட்டாயம் தேவை. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவதற்குக் குனியும்போது அதுதான் பிடித்து நிறுத்துகிறது. கரடி ஸ்பிரே (கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) இடுப்பிலேயே இருக்கிறது, முதலில் கை போக வேண்டியது அதற்குத்தான்.