பூக்கல் பழகும் பிள்ளைகளுக்கு மானியம்: எந்தக் கதவைத் தட்டுவது?

கல்லல் ரோடு:

வணக்கம். காரைக்குடிக்கும் கல்லலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பா ஆத்தங்குடிப் பக்கம் பூக்கல் (கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கையால் வார்க்கும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்) பட்டறையில் 41 வருஷம் வேலை பார்த்தவர். நான் சென்னையில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதிவிட்டு, அம்மா படுத்த படுக்கையானதும் ஊருக்கே வந்துவிட்டேன். இரண்டு வருஷம் முன்னால் நாலு பேர் சேர்ந்து ஒரு அறக்கட்டளை பதிந்தோம். பதிந்ததைத் தவிர இதுவரை பெரிதாக எதுவும் கிழிக்கவில்லை.

யோசனை இதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற 12 பிள்ளைகள், அதில் ஏழு பேர் பெண்கள். ஆறு மாதம் பூக்கல் போடவும் பதிக்கவும், முடிந்தால் பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு வேலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க அப்பாவும் கடுக்காய்ச் சாந்து தெரிந்த இன்னொரு பெரியவரும் இருக்கிறார்கள். இடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

மானியம் கேட்டு ஒரு இடத்துக்குப் போனேன். ஒரு தொகுப்புக்கு முப்பது பேர், வகுப்பறையில் கேமரா, கைரேகை வருகைப்பதிவு என்று அடுக்கினார்கள். பாடப் பட்டியலில் கொத்தனார் உண்டு, டைல்ஸ் பதிப்பவர் உண்டு, பூக்கல் இல்லை. சரி, எப்படியாவது நுழைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவைப் பயிற்றுநராகப் பதியக் கூட்டிப்போனால், இயந்திரம் அவர் ரேகையை எடுக்கவில்லை. ஆறு தடவை வைத்தார். சிமெண்டில் விரல் தேய்ந்து ரேகையே கிடையாது. "இந்த வேலை தெரியும் என்பதற்கு இதைவிட என்னம்மா சாட்சி வேணும்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

இடையில் ஒருவர் வந்து, திட்ட அறிக்கை எழுதித்தர 25 ஆயிரம் முன்பணம், மானியம் வந்தால் நூற்றுக்குப் பத்து என்றார். கொடுக்கவில்லை.

எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. பெரியவர்கள் இருவருக்கும் நாள் சம்பளம். பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் கூலிக்கு ஏதாவது ஒரு ஈடு. சித்தாளாகப் போனால் சாயங்காலம் கையில் காசு விழுகிறது. எங்களிடம் வந்தால் டீயும் பன்னுமா கொடுப்பது? எங்கே கேட்கலாம்?

தேவகோட்டை ரஸ்தா:

மாவட்டத்துக்கு ஒரு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறதே, வங்கி நடத்துவது. தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம். அங்கே அனுப்பிவிடுங்கள், வேலை முடிந்தது.

கல்லல் ரோடு:

அண்ணே, விசாரித்தேன். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எங்கள் பிள்ளைகளில் மூன்று பேருக்கு 17. அதைவிட, அங்கே பூக்கல் யார் சொல்லிக்கொடுப்பது? வாத்தியார் எங்கள் திண்ணையில் அல்லவா இருக்கிறார்.

பழைய பேங்க்காரன்:

அம்மா, முன்பணம் கொடுக்காமல் விட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. வங்கியில் இருந்த காலத்தில் இந்த மாதிரிக் கோப்புகள் நிறையப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், எங்கே போகக் கூடாது என்பது. தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்ய யோஜனா, கிராமத்து இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சித் திட்டம், 2014இல் வந்தது, செலவில் நூற்றுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40. பெரிய நிறுவனங்களுக்கானது. பயிற்சி முடித்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்காவது வேலை வாங்கிக் கொடுத்ததாகக் காட்ட வேண்டும், பணமும் தவணை தவணையாகத்தான் வரும். அதுவரை கைக்காசு போட்டு ஓட்ட உங்களால் ஆகாது. யாராவது ஸ்ஃபூர்த்தி என்று, பாரம்பரியத் தொழில் குழுமங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். 500 கைவினைஞர் வரையுள்ள குழுமத்துக்கு இரண்டரைக் கோடி வரை என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும், கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு நீங்கள் போட வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய பந்தல் எதற்கு?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு வருவோம். 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு, மூன்று வருஷ லாபச் சராசரியில் 2 சதவீதம். நீங்கள் நேரே வாங்க முடியாது. வெளி அறக்கட்டளை என்றால் மூன்று வருஷமாவது வேலை செய்த தடம் கேட்கிறார்கள். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும். உங்களுக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆகவே பழைய அறக்கட்டளை ஒன்றின் கீழ் போங்கள். பணம் அவர்கள் கணக்குக்கு வரட்டும், வேலையை நீங்கள் செய்யுங்கள். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். நம்ம ஊர் நல்ல மனுஷர்களை நம்பி வாய்ப்பேச்சில் விட்டுக் கடைசியில் முகம் திருப்பிக்கொண்ட கதை எனக்கு நாலு தெரியும். காத்திருக்கும் நேரத்தில் 12ஏ, 80ஜி, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவு மூன்றையும் முடித்துவிடுங்கள்.

இன்றைக்கே போகக்கூடிய இடம் நபார்டின் (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) மாவட்ட வளர்ச்சி மேலாளர். சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு நுண்தொழில் பயிற்சி ஒன்று வைத்திருக்கிறார்கள், அது சில நாட்களில் முடிந்துவிடும். 2015இல் தொடங்கிய வாழ்வாதாரத் தொழில் மேம்பாட்டுத் திட்டம் வேறு. பயிற்சி முடிந்த பிறகும் கூட இருந்து கைதூக்கிவிடுவதற்கும் அதில் இடமுண்டு. குழுவில் இருப்பவர்களுக்குத்தான். உங்கள் ஏழு பெண்களின் அம்மாமார் குழுவில் இருப்பார்கள். வயது வந்த பெண்களையும் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தையும் சொல்வார்கள். மூன்று லட்சம் வரை கடன், அதில் கால் பங்கு, அதிகபட்சம் 50 ஆயிரம் மானியம். 35 வயது தாண்டியவர்களுக்கு. அதாவது தொழில் தெரிந்தவர் பட்டறை வைக்க. பழகும் பிள்ளைக்கு அல்ல.

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தில் 'பயிற்சி வகுப்பு' என்று எழுதினால் அவர்கள் நாற்காலியை எண்ணுவார்கள். 'ஆசானிடம் பழகும் ஆறு மாதம்' என்று எழுதி, ஆசான் சம்பளத்தை முதல் வரியிலேயே போடுங்கள். தமிழக அரசின் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் சமுதாயத் திறன் பள்ளி என்று நடத்தினார்கள், ஊரில் தொழில் தெரிந்தவரே சொல்லிக்கொடுப்பது. அந்த முன்மாதிரியைக் குறிப்பிட்டால் அதிகாரிக்குக் கையெழுத்துப் போடும் தைரியம் வரும்.

பட்டறைக்காரர்:

ஐயா எழுதியது எல்லாம் சரி. எனக்கு ஒரு சந்தேகம். ஆறு மாதத்தில் பூக்கல் வருமா தங்கச்சி? கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சாயக் குழம்பை ஊற்றுவது யாருக்கும் வரும். அச்சைத் தூக்குகிற அந்த நொடி இருக்கே, கை நேரே மேலே போக வேண்டும். நூலளவு சாய்ந்தாலும் பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்புறம் மேலே வறட்டுக் கலவை, ஈரக் கலவை, கரண்டி. தொட்டியில் ஊறிக் கண்ணாடி பிரிந்த பிறகுதான் தப்பு தெரியும், அதற்குள் அந்தப் பையன் அதே தப்போடு ஐம்பது கல் போட்டிருப்பான். என் பட்டறையில் கை நிற்க ஒரு வருஷம் ஆகிறது. அதுவரை அவன் உடைக்கிற கண்ணாடிக்கு யார் பணம்?

இன்னொன்று. பழகினவன் சிங்கப்பூருக்குப் போகிறான். போகட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் பெண் பிள்ளைகள் ஊரோடு இருப்பார்கள். ஏழு பேர் என்று படித்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அரசாங்கப் பணத்துக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வீட்டைப் பழுது பார்க்கிற செட்டியார்கள் ஆள் கிடைக்காமல் போன் மேல் போன் போடுகிறார்கள். ஒரு வீட்டில் வேலை எடுத்து, பிள்ளைகளைச் சித்தாள் கூலியில் நிறுத்துங்கள். கூலி வீட்டுக்காரர் பாடு, ஆசான் சம்பளம் மானியத்தின் பாடு.

பழைய பேங்க்காரன்:

இது நல்ல யோசனை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தான் சிக்ரியே (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரைக்குடிக்கு வந்தது. இந்த ஊரில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் எதற்குக் கேட்கிறோம் என்று துண்டுச் சீட்டிலாவது கணக்குக் காட்ட வேண்டும். 17 வயதுப் பிள்ளைகளை மட்டும் வேலை நடக்கும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அது சட்டச் சிக்கல். 18 ஆகும் வரை திண்ணையில் அச்சு பழகட்டும்.

கல்லல் ரோடு:

இரண்டு பேருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வருஷம் என்றதும், "பட்டறைக்காரர் பொய் சொல்லலை" என்றார். ஆறு மாதத்தைப் பத்தாக மாற்றிவிட்டேன். பிள்ளைகளை எட்டாகக் குறைத்தேன், ஏழு பெண்களும் ஒரு பையனும். திங்கட்கிழமை நபார்டு ஆளைப் பார்க்கிறேன். பள்ளத்தூரில் ஒரு ஆச்சி முகப்பை மட்டும் முதலில் செய்து காட்டுங்கள் என்றிருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. செலவுப் பட்டியலில் உடைகிற கண்ணாடியை எந்தத் தலைப்பில் எழுதுவது?

பழைய பேங்க்காரன்:

'பயிற்சி மூலப்பொருள்'. 'சேதாரம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தணிக்கையில் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்கள்.

பட்டறைக்காரர்:

முதல் மாதத்துக் கண்ணாடி என் பட்டறையில் கிடக்கிறது, வண்டி அனுப்புங்கள்.