தண்டையார்பேட்டை இசை குரூப்: 500 யூனிட்டும் ஸ்பீக்கர்ல வர்ற ‘ம்ம்ம்’ சத்தமும்

ஞாயிறு, காலை 9:10

தாஸ்: வணக்கம்ணா, வணக்கம்கா. இந்த ரெண்டு மாசத்துக்கு ஈபி ரீடிங் 540 யூனிட். ரூம்ல இருக்கிறது: டெஸ்க்டாப், 24 இன்ச் மானிட்டர், 5 இன்ச் பவர்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோட சேர்க்கிற பெட்டி), கீபோர்டு, 1 டன் இன்வெர்ட்டர் ஏசி. வீட்ல எல்லாரும் ஸ்பீக்கர்தான் கரண்ட்டைக் குடிக்குதுன்றாங்க. சப் ஊஃபர் ஒண்ணு வாங்கலாம்னு கீறேன். வாங்கினா பில் இன்னும் ஏறுமா?

தாஸ்: இன்னொண்ணு. எதுவும் பிளே ஆகாதப்போ ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம். அது தனிக் கதையா, இதுவும் கரண்ட் சம்பந்தமா?

ஸ்டெல்லா அக்கா: முதல்ல பில். யூகம் வேணாம் தாஸ், அளந்துடு. ஈபி மீட்டர்ல சின்னதா ஒரு சிவப்பு லைட்டு மின்னுதுல்ல? பக்கத்துல 3200னோ 1600னோ ஒரு எண் போட்டிருக்கும். 1 யூனிட்டுக்கு அத்தனை தடவை மின்னும்னு அர்த்தம். அந்த எண் இன்னான்னு பாரு.

தாஸ்: 3200 போட்டுகிது கா.

ஸ்டெல்லா அக்கா: அப்போ 1 நிமிஷத்துல எத்தனை மின்னுதோ அதை 18.75ஆல பெருக்கு, வாட் வந்துடும். 60 நிமிஷம் பெருக்கல் 1000, வகுத்தல் 3200, அந்தக் கணக்குதான். 1600 மீட்டர்னா 37.5. டிபி பாக்ஸ்ல (வீட்டு லைன் எல்லாம் பிரியற சுவிட்ச் பெட்டி) மத்த லைனை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு உன் ரூம் மட்டும் வச்சு எண்ணு. ஃபிரிட்ஜை மறந்துடாத, அது நடுவுல ஓடிச்சுன்னா கணக்கு கெட்டுடும். மூணு தடவை எண்ணு: மிக்ஸிங் ஓடும்போது, ஏசி மட்டும் ஓடும்போது, எல்லாத்தையும் ‘ஆஃப்’ பண்ணிட்டு பிளக் மட்டும் சொருகி இருக்கும்போது.

மோகன் அண்ணா (வயரிங்): மூணாவதுதான் முக்கியம். அதை 3 நிமிஷம் எண்ணு, 1 நிமிஷம் பத்தாது.

காலை 10:25

தாஸ்: எண்ணிட்டேன். மிக்ஸிங் ஓடும்போது நிமிஷத்துக்கு 11. ஏசி ஃபுல் லோடுல மட்டும் 52. எல்லாம் ஆஃப்ல 3 நிமிஷத்துக்கு 4.

ஸ்டெல்லா அக்கா: பாத்தியா. ஸ்டூடியோ மொத்தமும் 206 வாட்தான். நாளைக்கு 6 மணி நேரம், 60 நாள்னா 74 யூனிட். ஏசி 975 வாட். இன்வெர்ட்டர் ஏசின்றதால ரூம் குளிர்ந்ததும் இறங்கிடும், சராசரி 600 வச்சுக்கோ. 5 மணி நேரத்துக்கு 60 நாள்ல 180 யூனிட். சும்மா சொருகி இருக்கிறது 25 வாட். நீ வேலை செய்யாத 18 மணி நேரத்துக்கு 27 யூனிட். சப் ஊஃபர் சாதா வால்யூம்ல ஓடினா இந்தச் சும்மா இருக்கிற கணக்கை விடக் கம்மியாத்தான் தின்னும்.

தாஸ்: அப்போ எதுவும் பண்ணாமலே 27 போவுதா 😳

மோகன் அண்ணா (வயரிங்): 500ஐத் தாண்டினதும் ரேட் டேபிளே மாறிடும் தம்பி. முதல் 100 எப்பவும் போல இலவசம்தான். ஆனா 101லேந்து 200 வரைக்கும் இருக்கிற கம்மி ரேட் போயிடும், 500க்கு மேல யூனிட் விலையும் ஏறும். நீ தாண்டினது வெறும் 40 யூனிட். அந்த 40ஐக் குறைச்சா ரெண்டு பக்கமும் லாபம்.

ஸ்டெல்லா அக்கா: 27ஐ சுவிட்ச்லயே புடிச்சுடலாம். ஏசி தவிர மத்த எல்லாத்தையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்ல கொண்டுவந்து, ஸ்ட்ரிப்பை சுவர் சுவிட்ச்ல ஆஃப் பண்ணு. ஸ்பீக்கர்ல ஆட்டோ ஸ்டாண்ட்பை இருந்தா ரெக்கார்டிங் நேரத்துல அதை ஆஃப் பண்ணிடு, சத்தம் கம்மியான இடத்துல ஸ்பீக்கர் தூங்கிப்போய் டக்குனு முழிக்கும்.

ஸ்டெல்லா அக்கா: மீதி ஏசில. ரூம்ல எரியுற ஒவ்வொரு வாட்டும் சூடாத்தான் மாறுது. 206 வாட் சூட்டை வெளிய தள்ள ஏசி இன்னும் 60, 70 வாட் தின்னும். சிபியூவை ரூமுக்கு வெளிய வச்சா சூடும் போகும், ஃபேன் சத்தமும் மைக்ல விழாது. ஆனா யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல இழுக்காத, இன்டர்ஃபேஸ் விட்டு விட்டு கட் ஆகும்.

ரஹீம் பாய்: ஏசியை 26ல வச்சு ஃபேனும் போடுங்க. புது ஏசி எல்லாம் 2020லேந்து ஆன் பண்ணினதும் 24லதான் நிக்கும், நாமதான் 18க்கு இறக்கிடறோம். பாட்டு எடுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ரூமைக் குளிர வச்சுட்டு, டேக் எடுக்கும்போது நிறுத்திடுங்க. கதவு இடுக்குல ரப்பர் பீடிங் ஒட்டி இருந்தா ரெண்டு மூணு டேக் தாங்கும். கானாவுக்கு டோலக்கும் டேப் மேளமும் மைக்கைக் கிட்ட வச்சு எடுக்கிறீங்க, அந்த ட்ராக்ல ஏசி சத்தம் விழுந்தா அப்புறம் எந்த ஃபில்டர் போட்டாலும் முழுசா எடுக்க முடியாது.

தாஸ்: ஃபேன் பழசு பாய். மாத்தினா லாபமா?

மோகன் அண்ணா (வயரிங்): பழசு 75 வாட், கரண்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30. நாளைக்கு 6 மணி நேரம்னா 60 நாள்ல 16 யூனிட் மிச்சம். இப்ப ரெகுலேட்டர் எந்த மாதிரி? வழவழன்னு சுத்துதா, டக் டக்குனு 5 ஸ்டெப்ல நிக்குதா?

தாஸ்: வழவழன்னு சுத்துது ணா.

ரஹீம் பாய்: அதுவே ஒரு சத்தத்துக்குக் காரணம். அந்த ரெகுலேட்டர் செகண்டுக்கு 100 தடவை கரண்ட்டை வெட்டி வெட்டி விடும். கிட்டார் பிக்கப், பேலன்ஸ்டு (ரெண்டு சிக்னல் ஒயர் வச்சு வெளிச் சத்தத்தைக் கழிக்கிற வகை) இல்லாத கேபிள் எல்லாம் அதை ‘ஜ்ஜ்ஜ்’னு வாங்கிக்கும். ஸ்டெப் ரெகுலேட்டர் கெப்பாசிட்டர் வகை, அது வெட்டாது. சீப்பான எல்இடி பல்பும் டிம்மரும் இதே ரகளைதான். ஆனா நீங்க சொன்னது ‘ம்ம்ம்’. ‘ஜ்ஜ்ஜ்’ வேற, ‘ம்ம்ம்’ வேற.

காலை 11:02

ரஹீம் பாய்: இப்ப ஒரு வேலை பண்ணுங்க. வால்யூமைக் குறைச்சுட்டு ஸ்பீக்கர் பின்னாடி இருக்கிற ஆடியோ கேபிள் ரெண்டையும் கழட்டுங்க, பவர் மட்டும் இருக்கட்டும். சத்தம் இருக்கா?

தாஸ்: போயிடுச்சு பாய். சுத்தமா இல்ல.

ரஹீம் பாய்: அப்போ ஸ்பீக்கர்ல குத்தம் இல்ல. கேபிளை மாட்டிட்டு இன்டர்ஃபேஸோட யூஎஸ்பியை மட்டும் கம்ப்யூட்டர்லேந்து புடுங்கிப் பாருங்க.

தாஸ்: குறையுது. பாதிக்கு மேல குறையுது.

ரஹீம் பாய்: கம்ப்யூட்டர் வழியா வருது. ஸ்பீக்கர் எந்த பிளக்ல இருக்கு, கம்ப்யூட்டர் எந்த பிளக்ல இருக்கு?

தாஸ்: கம்ப்யூட்டர் ஜன்னல் பக்கம், ஸ்பீக்கர் எதிர்சுவர் சாக்கெட்ல. கேபிள் சாதா மோனோ பின் கேபிள்.

ஸ்டெல்லா அக்கா: ரெண்டும் தப்பு. எல்லாத்தையும் ஒரே ஸ்ட்ரிப்ல கொண்டு வா. எர்த் ரெண்டு வழியா சுத்தி வந்தா அந்த வளையத்துலதான் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும், அதுதான் உன் ‘ம்ம்ம்’. கேபிளை பேலன்ஸ்டு டிஆர்எஸ்ஸா (பின்ல மூணு தொடுப்பு இருக்கிற கேபிள்) மாத்து, உன் ஸ்பீக்கர்ல அந்த இன்புட் இருக்கும். பவர் ஒயரும் ஆடியோ ஒயரும் ஒண்ணா கட்டாத. குறுக்க போகணும்னா 90 டிகிரில கடக்கட்டும்.

தாஸ்: ஒரு ஃபிரெண்ட் ஸ்பீக்கர் பிளக்ல எர்த் பின்னை வெட்டிடு, சத்தம் போயிடும்னான்.

மோகன் அண்ணா (வயரிங்): வெட்டாத. வெட்டவே வெட்டாத. சத்தம் போகும்தான். ஆனா உள்ள ஒரு ஒயர் பாடில பட்டா ஃபியூஸ் போக வழி இல்லாம அந்த இரும்புல 230 வோல்ட் காத்துக்கினு இருக்கும். ஒரு கைல மைக்கு, இன்னொரு கை ஸ்பீக்கர் மேல, அவ்ளோதான். எர்த்தைப் பிரிக்கணும்னா சிக்னல் கேபிள்ல பிரிக்கணும், பவர் பிளக்ல கிடையாது. டிஐ பாக்ஸ்ல (கிட்டார், கீபோர்டு சிக்னலை மைக் லைனுக்கு மாத்துற பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் அதுக்குத்தான் வச்சிருக்காங்க.

தாஸ்: சரி ணா, தொட மாட்டேன். ஒண்ணு கேக்கணும். வெறுங்காலோட இன்டர்ஃபேஸ் பாடியைத் தடவினா ஜிவ்வுனு இருக்குது. அது சாதாரணமா?

ரஹீம் பாய்: இதை முதல்லயே சொல்லி இருக்கணும் தம்பி. கம்ப்யூட்டர் சப்ளை உள்ள ஃபேஸ்லேந்து ஒண்ணு, நியூட்ரல்லேந்து ஒண்ணுன்னு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் பாடிக்குப் போகும். எர்த் நல்லா இருந்தா அந்தக் கசிவு பூமிக்குப் போயிடும். எர்த் இல்லன்னா பாடி நடுவுல, 115 வோல்ட் பக்கம் மிதக்கும். ஆம்பியர் ரொம்பக் கம்மின்றதால ஜிவ்வுன்னு மட்டும் இருக்கு. உங்க ரூம் சாக்கெட்ல எர்த் வேலை செய்யல.

மோகன் அண்ணா (வயரிங்): அதேதான். நம்ம ஏரியா பழைய வீட்ல ரெண்டு விதமா இருக்கும். ஒண்ணு, பச்சை ஒயரே இழுத்திருக்க மாட்டாங்க. இல்ல, இழுத்திருப்பாங்க, கீழ எர்த் பைப்புல கிளாம்ப் துரு புடிச்சு விட்டுப்போயிருக்கும். கடல் காத்து காசிமேட்டுலேந்து இங்க வரைக்கும் வருது, ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) கிளாம்ப் சீக்கிரம் பொரிஞ்சுடும். கையால ஆட்டினாலே தூள் கொட்டும்.

மோகன் அண்ணா (வயரிங்): இன்னொரு ஆபத்து இருக்கு, குரூப்ல எல்லாருமே கேட்டுக்கங்க. எர்த் ஒயர் இல்லாத வீட்ல சில பேர் சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரல்லேந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்கு லூப் போட்டு வச்சிருப்பாங்க. டெஸ்டருக்குத் தெரியாது, ஜிவ்வும் இருக்காது. ஒரு நாள் நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா ஃபேஸ் லோடு வழியா சுத்தி வந்து எர்த் பின்ல நிக்கும். கம்ப்யூட்டர் பாடி, மைக் கிரில், கிட்டார் கம்பி எல்லாத்துலயும் 230.

ஸ்டெல்லா அக்கா: மீட்டர்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது ணா?

மோகன் அண்ணா (வயரிங்): மூணு அளவு. ஃபேஸ்-நியூட்ரல் 230. ஃபேஸ்-எர்த் அதுக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். நியூட்ரல்-எர்த் லோடு ஓடும்போது 2, 3 வோல்ட்டுக்குள்ள. ஃபேஸ்-எர்த் 100, 140னு ஆடினா எர்த் அந்தரத்துல நிக்குது. லோடு ஓடும்போதும் நியூட்ரல்-எர்த் அசையாம 0ன்னா சந்தோஷப்படாதீங்க, மெயின் ஆஃப் பண்ணி சாக்கெட்டைக் கழட்டி லூப் இருக்கான்னு பாக்கணும். தெரிஞ்சவங்க மட்டும் அளக்கட்டும். தாஸ், நீ தொடாத.

பகல் 12:40

தாஸ்: லைன் தனியா இழுத்துடலாமா ணா? ஏசி கம்ப்ரஸர் ஏறும்போது லைட்டும் ஒரு செகண்ட் மங்குது.

மோகன் அண்ணா (வயரிங்): இழுத்துடலாம். ஸ்டூடியோவுக்கு டிபிலேந்து 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், சிவப்பு, கருப்பு, பச்சை மூணும். 10 ஆம்ப் சி-டைப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழுற சுவிட்ச்). பி-டைப் போட்டா ஸ்பீக்கரும் கம்ப்யூட்டரும் ஒண்ணா ஆன் ஆகிற அந்த நொடியில தட்டிட வாய்ப்பு இருக்கு. ஏசிக்கு தனி 2.5, 16 ஆம்ப் சி. மெயினுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்). சாக்கெட்டை தரையிலேந்து 3 அடிக்கு மேல வைக்கிறோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி எந்த உயரத்துக்கு வந்துச்சுன்னு நம்ம சுவர்ல கறை இன்னும் இருக்கு. ஸ்ட்ரிப்பும் தரையில கிடக்கக் கூடாது.

ரஹீம் பாய்: கரண்ட் போயிட்டுத் திரும்ப வர்ற நேரமும் முக்கியம். தெருவே ஒண்ணா ஆன் ஆகும், வோல்டேஜ் குதிக்கும், ஸ்பீக்கர் ‘டப்’புனு அடிக்கும். ஸ்பீக்கர்ல மேல் ஸ்தாயி சத்தம் தர்ற ட்வீட்டருக்கு அது ஆகாது. எப்பவும் இன்டர்ஃபேஸ் முதல்ல ஆன், ஸ்பீக்கர் கடைசில. ஆஃப் பண்ணும்போது ஸ்பீக்கர் முதல்ல. கரண்ட் போனதும் ஸ்ட்ரிப்பை ஆஃப் பண்ணிடுங்க, வந்து 3 நிமிஷம் கழிச்சு போடுங்க.

மோகன் அண்ணா (வயரிங்): மறந்துபோகும்னா ஸ்டூடியோ லைன்ல ஒரு காண்டாக்டரும் (காந்தத்தால புடிச்சு நிக்கிற சுவிட்ச்) பச்சை-சிவப்பு புஷ் பட்டனும் மாட்டிடறேன். கரண்ட் போனா தானா விழுந்துடும், பச்சையை அழுத்தினாத்தான் திரும்ப வரும்.

தாஸ்: சர்ஜ் ஸ்ட்ரிப் வாங்கினா பத்தாதா பாய்?

ரஹீம் பாய்: பத்தாது. அதுக்குள்ள இருக்கிற எம்ஓவின்ற சின்ன பார்ட் கண் இமைக்கிற நேரத்துக்கு வர்ற ஸ்பைக்கைத்தான் விழுங்கும். தெருவுல நியூட்ரல் அறுந்து 300க்கு மேல ஏறி அப்படியே நின்னுச்சுன்னா எம்ஓவி கருகிடும், கரண்ட் உள்ள போயிடும். டிபில ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒண்ணு வேணும். 265ல கட் ஆகற மாதிரியும் 180க்குக் கீழ கட் ஆகற மாதிரியும் செட் பண்ணி, திரும்ப வர 60 செகண்ட் டிலே வைங்க.

ஸ்டெல்லா அக்கா: யூபிஎஸ்ல கம்ப்யூட்டர், மானிட்டர், இன்டர்ஃபேஸ் மட்டும். ஸ்பீக்கர் வேணாம், ஏசி நினைக்கவே வேணாம். 600 விஏ யூபிஎஸ்னா சாதாரணமா 360 வாட்தான் தரும், உள்ள 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒண்ணு. 150 வாட்டுக்கு 10 நிமிஷம் கிட்ட தாங்கும். சேவ் பண்ணி மூடறதுக்குத்தான் அது. ப்யூர் சைன் வேவ்னு கேட்டு வாங்கு. படிக்கட்டு மாதிரி வேவ் தர்ற யூபிஎஸ்ல சில கம்ப்யூட்டர் சப்ளை பேட்டரிக்கு மாறின உடனே ஆஃப் ஆயிடும்.

தாஸ்: வீட்டு இன்வெர்ட்டர்ல போட்டா?

மோகன் அண்ணா (வயரிங்): சைன் வேவ் இன்வெர்ட்டர்னா போடலாம். பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதுல வை. நார்மல் மோடுல மாறுற நேரம் ஜாஸ்தி, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆயிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா வேணாம், ட்ரான்ஸ்ஃபார்மர் வச்ச அடாப்டர் எல்லாம் உறுமும், சூடாகும்.

ஸ்டெல்லா அக்கா: கரண்ட் கட்ல குரல் மட்டும் எடுக்கணும்னா லேப்டாப், யூஎஸ்பில ஓடுற இன்டர்ஃபேஸ், ஹெட்போன். 20 வாட் ஆகும், 50 வாட் ஹவர் பேட்டரின்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல. லேப்டாப் பவர் செட்டிங்கை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்ல வை, இல்லன்னா பேட்டரில ப்ராசஸர் வேகம் குறைஞ்சு ‘டிக் டிக்’னு க்ளிக் விழும். ப்ளக்-இன் (எஃபெக்ட் சாஃப்ட்வேர்) போட்ட ட்ராக்கை ஃப்ரீஸ் பண்ணி, ரெடி ஆடியோவா மாத்தி வச்சுடு.

மாலை 6:15

தாஸ்: டிஆர்எஸ் கேபிள் ரெண்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிக்கிறேன். ஸ்டெப் ரெகுலேட்டரும். ஒயர் எவ்ளோ ணா?

மோகன் அண்ணா (வயரிங்): டிபிலேந்து உன் ரூமுக்கு 11 மீட்டர் வரும், ஏசிக்கு 9. ஒவ்வொரு கலர்லயும் 22 மீட்டர் எடு. எஃப்ஆர்எல்எஸ்னு (தீ சீக்கிரம் பரவாத, புகை கம்மியா வர்ற வகை) ஒயர் மேலயே அச்சடிச்சிருக்கணும், கையில வாங்கிப் படிச்சுப் பாரு. எர்த் கிளாம்ப் ஜிஐ வேணாம், பித்தளை. அதுக்கு மேல தடவ கிரீஸ் நான் எடுத்துட்டு வரேன்.

மோகன் அண்ணா (வயரிங்): நாளைக்கு காலைல 10 மணிக்கு வரேன். முதல்ல எர்த் பைப்பைத் தோண்டிப் பாக்கணும், அது சரியானதும்தான் மத்ததெல்லாம். அது வரைக்கும் செருப்புப் போட்டுகினுதான் மைக்கைத் தொடணும், இன்டர்ஃபேஸையும்தான். மெயின் 3 மணி நேரம் ஆஃப்ல இருக்கும், வீட்ல சொல்லிடு. மாவு அரைக்கிறதை 10க்குள்ள முடிச்சுக்கட்டும்.

தாஸ்: சொல்லிட்டேன் ணா. அம்மா இன்னிக்கு நைட்டே அரைச்சுடறாங்களாம்.