20 லிட்டர் பீர் காய்ச்ச எந்தக் கெட்டில் பொருந்தும்?

நுரைவிரும்பி:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் அடர்சாற்றை) கொண்டு, சமையலறையில் இருந்த 12 லிட்டர் பாத்திரத்தில் அடர்த்தியாகக் காய்ச்சி, பின்னர் நொதிகலனில் தண்ணீர் சேர்த்து அளவை நிரப்பி வந்தேன். இனி உடைத்த மால்ட்டிலிருந்தே தொடங்கி, அதைத் துணிப்பையில் கட்டிக் கெட்டிலிலேயே ஊறவைக்கும் துணிப்பை முறையில் ஒரு தடவைக்கு 20 லிட்டர் பீர் எடுக்க விரும்புகிறேன். 25 லிட்டர் கெட்டிலே போதும் என்கிறார் ஒரு நண்பர். 50 லிட்டருக்குக் குறைவாக வாங்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். அலுமினியமா எவர்சில்வரா, அடியில் குழாயும் பக்கத்தில் வெப்பமானியும் வேண்டுமா என்பனவற்றிலும் தெளிவில்லை. என்னிடம் இருப்பது 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே. எதை முதலில் தீர்மானித்தால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும்?

மால்ட்மூட்டை:

கொள்ளளவைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். அதையும் நொதிகலனிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நொதிகலனுக்குள் 20 லிட்டர் போக வேண்டுமென்றால், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சக்கையும் புரத வண்டலும் அடியில் தங்கிவிடுவதால், ஆறிய நிலையில் கெட்டிலில் 22 லிட்டராவது இருக்க வேண்டும். கொதிநிலையில் திரவம் ஏறத்தாழ 4 சதவீதம் விரிவதால் அது சூடாக இருக்கும்போது 23 லிட்டரை நெருங்கும். ஒரு மணி நேரக் கொதிப்பில் 3 முதல் 4 லிட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்திலேயே 26 லிட்டருக்கு மேல் வோர்ட் (மால்ட் ஊறிய இனிப்புச் சாறு) வேண்டும். ஆகவே 25 லிட்டர் கெட்டில் இந்த இடத்திலேயே கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

துணிப்பை முறையில் இதற்கும் மேல் இடம் தேவை. 5 கிலோ மால்ட், பையை நன்றாகப் பிழிந்த பிறகும், 3 லிட்டர் அளவுக்கு நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்பதால், தண்ணீர் மட்டும் 28 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருக்கும். மால்ட் அடைத்துக்கொள்ளும் இடம் கிலோவுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்று சேர்த்தால் 32 லிட்டர் ஆகிறது. கிளறுவதற்கும் இடம் விட வேண்டுமல்லவா? மேலும், கொதி வருவதற்குச் சற்று முன்பு வோர்ட்டின் புரதங்கள் நுரையாகத் திரண்டு பால் பொங்குவதைப் போலச் சட்டென்று மேலேறும். அப்போது விளிம்புக்குக் கீழே போதிய வெற்றிடம் இல்லையென்றால் அடுப்பைத் துடைக்கும் வேலைதான் மிஞ்சும். எனவே 36 முதல் 40 லிட்டர் வரை என்பது என் பரிந்துரை. 50 லிட்டர் தவறன்று; ஆனால் 20 லிட்டர் பீருக்கு அதன் கனமும் அகலமும் வீண்சுமை.

கொதிநிலை100:

மேலே உள்ள கணக்கு சரியானதே. ஆனால் அதில் வரும் 3 முதல் 4 லிட்டர் ஆவியிழப்பு இந்தக் கேள்வியாளரின் அடுப்புக்குப் பொருந்தாது. கொதிக்கும் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல், அதாவது 0.63 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். 2 கிலோவாட் அடுப்பில் ஒரு பகுதி அடுப்பிலேயே இழக்கப்பட்டு, மற்றொரு பகுதி பாத்திரத்தின் பக்கச் சுவர்கள் வழியே வெளியேறிவிடும். எஞ்சுவது மணிக்கு 2 லிட்டர் அளவுக்கே போதுமானது. கெட்டில் அகலமாக இருந்தால் ஆவி அதிகம் போகும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஆனால் கொதிக்கத் தொடங்கிய பின் ஆவியாகும் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் நாம் செலுத்தும் வெப்பமே. வெப்பம் குறைவாக உள்ள இடத்தில் அகலமான வாய் கொதிப்பைத் தளர்த்துமே தவிர வேறு பயன் தராது.

காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) முடிந்து 65 டிகிரி செல்சியஸில் இருக்கும் 26 லிட்டர் வோர்ட்டைக் கொதிக்க வைக்க, இழப்பே இல்லாத 2 கிலோவாட்டுக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் முக்கால் மணி நேரம் என்று எண்ணிக்கொள்வது நல்லது. பக்கங்களில் வெப்பம் தாங்கும் உறை சுற்றினால் நல்ல வேறுபாடு தெரியும். சூடேறும் வரை மூடி வைக்கலாம். கொதி வந்தபின் முழுவதுமாக மூடக் கூடாது. மால்ட்டிலிருந்து உருவாகும் டைமெத்தில் சல்பைடு என்னும் பொருள் ஆவியோடு வெளியேறாமல் மூடியில் குளிர்ந்து திரும்பச் சொட்டினால், வேகவைத்த சோளத்தின் வாடை பீரில் தங்கிவிடும். வெளிறிய பில்ஸ்னர் மால்ட்டுக்குப் பலர் 90 நிமிடம் கொதிக்க வைப்பதும் இதனால்தான்.

இண்டக்‌ஷன் என்பதால் உலோகமும் பாதி முடிவாகிவிடுகிறது. வெறும் அலுமினியம் அதில் சூடேறாது. 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே நடுவில் அலுமினியமும் வெளிப்புறத்தில் காந்தம் ஒட்டும் எஃகும் சேர்த்து அழுத்திய மூன்றடுக்கு அடிப்பாகம் உள்ளதைத் தேடுங்கள். கடைக்கு ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் சென்றால் போதும். நிரம்பிய கெட்டில் 35 கிலோவைத் தாண்டும் என்பதால், அடுப்பின் கண்ணாடித் தட்டு எவ்வளவு எடை தாங்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிடுவது கட்டாயம்.

வண்டல்:

அலுமினியத்துக்காக ஒரு சொல். எரிவாயு அடுப்பு வைத்திருக்கும் எவரேனும் இதைப் படித்தால், அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும், எடையும் குறைவு. வோர்ட்டின் அமிலத்தன்மை, பிஹெச் அளவில் 5.2 முதல் 5.5 வரையிலானது, அதன் மேல் படிந்த ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடுவதில்லை. முதல் முறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அந்தப் படலத்தை வளரவிட வேண்டும். பளபளப்பு வரும்வரை தேய்ப்பதும், சோடியம் பெர்கார்பனேட் போன்ற காரத் தூள்களில் ஊறவைப்பதும் கூடாது. எவர்சில்வருக்குக் காரம் பிரச்சினையில்லை. குளோரின் கலந்த வெளுப்பான்தான் அதற்குப் பகை, நுண்குழிகளை உண்டாக்கிவிடும். எனாமல் பூச்சுள்ள பாத்திரம் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்தாலும் அங்கே துருப்பிடிக்கும் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

குழாய் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இருபது லிட்டருக்கு மேற்பட்ட திரவத்தைத் தூக்கிச் சாய்ப்பது, அது இன்னும் சூடாக இருந்தால், எலும்பையும் தோலையும் ஒருசேரப் பணயம் வைப்பதாகும். மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடிய பந்து வால்வையே (ball valve) வாங்குங்கள். கழற்ற முடியாத வால்வின் உள்ளே பழைய வோர்ட் ஒளிந்துகொண்டு புளிக்கும். வெல்டிங் செய்யாமல், துளையிட்டு சிலிக்கோன் வளையத்தால் இறுக்கும் வகையே வீட்டுக்குப் போதும். பக்கத்தில் பொருத்திய வெப்பமானி தேவையற்றது. அதன் தண்டு துணிப்பையில் சிக்கும். கையில் பிடிக்கும் டிஜிட்டல் வெப்பமானியைக் கொண்டு பல இடங்களில் அளப்பதே மாஷின் உண்மை நிலையைக் காட்டும்.

நுரைவிரும்பி:

மிக்க நன்றி. 36 லிட்டர், மூன்றடுக்கு அடி, கழற்றக்கூடிய வால்வு என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். கையேட்டில் எடை வரம்பையும் பார்க்கிறேன். ஒரே கொள்ளளவில் ஒன்று உயரமாகவும் மற்றொன்று அகலமாகவும் கிடைக்கிறது. எதைக் கொள்வது?

கொதிநிலை100:

உங்கள் அடுப்புக்கு உயரமானதுதான். விட்டத்தைப் போல ஒன்றேகால் பங்கு உயரம் இருந்தால் நல்லது. அடிப்பாகம் இண்டக்‌ஷன் சுருளைவிட மிக அகலமாக இருந்தால் நடுவில் மட்டுமே கொதிக்கும். குளிர்விக்கும் செப்புச் சுருளை உள்ளே இறக்கப் போகிறீர்களானால், அதன் வளையங்கள் 22 லிட்டர் மட்டத்துக்குள் மூழ்குகின்றனவா என்று அளந்து பாருங்கள். வெளியே நிற்கும் வளையங்களால் பயனில்லை.

வாங்கியதும், தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திர சோப்பும் வெந்நீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். பிறகு 26 லிட்டர் வெறும் தண்ணீரை ஊற்றி, கொதி வந்ததிலிருந்து ஒரு மணி நேரம் திறந்தபடி கொதிக்க விட்டு, ஆறியபின் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்து கொள்ளுங்கள். தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றும்போதே ஒரு மரக்கரண்டியின் காம்பில் கோடு கீறி வைத்தால், அதுவே உங்கள் அளவுகோலாகிவிடும். எஞ்சிய அளவை 26 லிட்டரிலிருந்து கழித்தால் வருவதுதான் உங்கள் அடுப்பின் ஆவியிழப்பு; தண்ணீரைச் சில்லென்று ஊற்றி, இரண்டையும் ஆறிய நிலையிலேயே அளப்பதால் விரிவைச் சேர்க்க வேண்டியதில்லை. நாங்கள் இங்கே சொன்ன எண்களை விட்டுவிட்டு, அந்த எண்ணை வைத்து முதல் மாஷுக்கான தண்ணீரைக் கணக்கிடுங்கள்.