வாலிபால் வீரர் கசீஸ்கியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தோஹாக்காரன்:
2012 அக்டோபர், தோஹாவில் உலக கிளப் சாம்பியன்ஷிப். இத்தாலிய கிளப் ட்ரென்டீனோ அதற்கு முன் மூன்று வருடமும் அங்கேதான் கோப்பையைத் தூக்கியது, உங்களுக்குத் தெரிந்ததுதான். அதில் ஆடிய பல்கேரியர் மத்தேய் கசீஸ்கிக்காகவே டிக்கெட் எடுத்தேன். அவருடைய சர்வீஸை டிவியில் பார்ப்பது வேறு, எண்ட் லைனுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது வேறு. அடி விழுந்த சத்தம் காதில் அடங்குவதற்குள் எதிரணி லிபரோ (பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்பவர்) கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். பந்து அவரைத் தாண்டியிருந்தது.

ஆனால் மனதில் நிற்பது அதுவல்ல. பக்கத்தில் ஒரு பல்கேரியக் குடும்பம். அப்பா ஒவ்வொரு பாயிண்டுக்கும் எழுந்து கத்தினார். அம்மா மடியில் பல்கேரியக் கொடி, மடித்தபடியே. ட்ரென்டீனோ ஜெயித்த பிறகும் அவர் அதை விரிக்கவில்லை. லண்டன் ஒலிம்பிக் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சோஃபியா மெடிக்கோ:
அந்த அம்மாவின் கோபம் எனக்குப் புரிகிறது. பல்கேரிய அணியின் பயிற்சியாளர் ஸ்டோய்ச்செவ் நாட்டின் வாலிபால் கூட்டமைப்போடு மோதி விலகினார், சரி. அவருக்காகக் கசீஸ்கி ஏன் லண்டன் ஒலிம்பிக்கை விட வேண்டும்? இவர் இல்லாமலே அரையிறுதி வரை போனார்கள். ரஷ்யாவிடம் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இத்தாலியிடமும் தோற்று, நான்காம் இடம். இவர் இருந்திருந்தால்?

2025 செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தை இங்கே கேன்டீனில் பார்த்தேன். இத்தாலியிடம் தோற்றாலும் பல்கேரியாவுக்கு வெள்ளி. 2006 வெண்கலத்துக்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப்பில் அவர்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம். லண்டனில் ஆடிய விளாதிமிர் நிகோலோவின் மகன்கள் இருவர் இந்த அணியில். பரிமாறுகிற பெரியவர் ஆட்டம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்தேய்க்கும் இது கிடைத்திருக்க வேண்டும்" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

பழைய கோச்:
நானும் 2011இல் தோஹாவில் பார்த்தேன், பிரமாதம். ஆனால் சர்வீஸைப் பற்றிப் பேசுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வேகம் தோளில் இருந்து மட்டும் வருவதில்லை, பந்தைத் தூக்கிப் போடும் டாஸில் இருந்தே ஆரம்பிக்கிறது. நம் பையன்கள் தலைக்கு நேர் மேலே போட்டுவிட்டு, பின்னால் வளைந்து அடிக்கிறார்கள். இடுப்பும் போகும், தோளும் போகும். கோர்ட்டுக்குள் முன்னால் விழும்படி போட வேண்டும். ஓடி வந்து கோட்டுக்குப் பின்னால் இருந்தே எம்பி, கோர்ட்டுக்குள் இறங்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. விசில் அடித்த பிறகு எட்டு வினாடி இருக்கிறது, அவசரம் எதற்கு? முதலில் ஓடாமல், எம்பாமல், வெறும் டாஸை மட்டும் பழகுங்கள். முழங்கை காதுக்கு மேலே இருக்கட்டும். பதினைந்து வயதுப் பையனைத் தினமும் முழு பலத்தோடு அடிக்க விடாதீர்கள். அப்புறம் பிசியோவிடம் போய் நிற்பீர்கள்.

ட்ரென்டோ வாசி:
மெடிக்கோ, பெரியவர் சொன்னதைத்தான் நீங்களும் யோசிக்க வேண்டும். ஸ்டோய்ச்செவ்தான் ட்ரென்டீனோவிலும் இவருக்குக் கோச். 2009, 2010, 2011 மூன்று வருடமும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் வாங்கியது இந்த ஜோடி. அப்படிப்பட்டவர் விலகிய பிறகு கசீஸ்கி எப்படிப் போய் ஆடுவார்?

2023 மே மாதம், இத்தாலிய லீக் இறுதியில் லூபே அணியோடு ஐந்தாவது ஆட்டம், நான் அரங்கில் இருந்தேன். கசீஸ்கிக்கு 38 வயது. கோச் லொரென்செத்தி அவரை ஆப்போசிட் இடத்தில் (வழக்கமாக அடிப்பதுதான் வேலை) நிறுத்தி, எதிரணி சர்வீஸை ரிசீவும் பண்ண வைத்தார். அணியில் இளம் வீரன் மிக்கியெலெத்தோ இருந்தான். கசீஸ்கி 2007இல் ட்ரென்டோவுக்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை. ஒரு பாயிண்ட் போனதும் அவன் தலையைத் தொங்கப் போட்டான். கசீஸ்கி அவன் பிடரியைப் பிடித்து நெட் பக்கம் திருப்பிவிட்டு, பேசாமல் தன் இடத்துக்குப் போனார். அன்று லீக் கோப்பை எங்களுக்கு. இப்படிப்பட்டவரையா நாட்டை விட்டுக்கொடுத்தவர் என்பது?

பல்கேரிய அணியின் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவர்) ஷெகோவும் 2012இல் கூடவே விலகினார். அவரை இங்கே ஒருத்தர்கூடக் கேள்வி கேட்கவில்லையே, ஏன்?